கற்பூரம் எரிந்த நேரம்

சந்தனம் காய்ந்து ஓரத்தில் வெடித்திருக்கிறது. நடுவில் குங்குமம் மட்டும் இப்போதுதான் வைத்தமாதிரி பளிச்சென்று இருக்கிறது. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் வந்துவிடும், நான் சுரண்டவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நான் எதைத் தொட்டாலும் அது கெட்டுவிடும் என்று நேற்றுக் காலையிலிருந்து ஒரு பயம். திரையில் பச்சைக் கோடு ஓர் அரிசி நீளம் வளர்ந்திருக்கிறது. அது அந்த ஓரத்தைத் தொடுகிறவரை எனக்கு ஒரு வேலையும் கிடையாது, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இந்தச் சாயப்பட்டறைக்கு நான் வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் என்றால் கலாமணி, பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கலாமணி, முதலாளி வீட்டு டிவியில் படம் நின்றாலும் கலாமணி. ஆனால் நேற்று, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து எல்லோரும் நெற்றியில் விபூதியோடு வந்து ஸ்விட்சைப் போட்டபோது, ஆபீஸ், குடோன், லேப் என்று எல்லாத் திரையிலும் ஒரே கறுப்புப் பக்கம். உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்று நல்ல மரியாதையான இங்கிலீஷில் எழுதியிருந்தது, வணக்கம் சொல்லாத குறைதான். அப்போது யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாளுக்காகத்தான் நான் இத்தனை காலமாக இவர்களைப் படுத்தி எடுத்திருந்தேன். சம்பளம், ஆர்டர், சாயக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வேண்டும், அந்த நகல் எந்த ஒயரிலும் மாட்டாமல், வேறு கட்டடத்தில், இரும்பு பீரோவில் பூட்டிக் கிடக்க வேண்டும், வீட்டில் எதை விற்றாலும் விதைநெல்லைத் தனியாக வைக்கிறமாதிரி. சர்வரோடு ஒட்டியிருந்த இன்னொரு நகலையும் சேர்த்து அவன் பூட்டிவிட்டான், போகட்டும், அதற்குத்தானே இந்தக் கையகல டிஸ்க். மாதம் ஒரு தடவை நான் எடுத்து நகல் எழுதித் திருப்பிக் கொடுப்பேன், அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. முதலாளி நேற்றே சொல்லிவிட்டார், நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் உன் டிஸ்க் திறந்தால் சரி, திறக்கவில்லை என்றால் அவன் கேட்பதைக் கட்டிவிடுவேன், சனிக்கிழமை ஜனங்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும் என்று. திறக்கும் என்றேன். அவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன். இன்று காலை மஞ்சள் பையிலிருந்து டிஸ்கை எடுத்தால் அதன் தலையில் சந்தனப் பொட்டு இருக்கிறது.

யார் தொட்டது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பீரோ சாவி ஒருத்தரிடம்தான் இருக்கிறது. லேப் மாஸ்டர் சென்னியப்பன், என் வீட்டுக்காரர். பையைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான், கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றார், போகவில்லை. பூஜைக்கு வைத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். வைத்ததோடு சரியா என்று கேட்டேன், அதற்குத் தலையாட்டவில்லை. "எல்லா மெசினுக்கும் பூசை போட்டு ஒருக்கா ஓட்டித்தான கண்ணு நிறுத்தறோம். இத மட்டும் ஓட்டாம வெக்கறதான்னு லேப் கம்ப்யூட்டர்ல சொருகுனேன். கற்பூரம் எரியறவரைக்கும்தான். நீல லைட்டு மினுக்கு மினுக்குன்னுது. கற்பூரம் அணைஞ்சதும் புடுங்கிட்டேன்" என்றார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதுதான் வழக்கம், மெஷினைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, கற்பூரம் காட்டி, ஒரு சுற்று ஓடவிட்டு நிறுத்தினால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. ஓட்டாமல் விட்டால் அந்த மெஷினுக்குக் குறை. எதற்குங்க மாமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன், கத்தவில்லை. "வருசா வருசம் அத்தன மெசினுக்கும் பூசை, உன்ற சாமானுக்கு மட்டும் கதவுக்கு வெளிய ஒரு பொட்டு. எனக்கு அது ஒரு மாதிரி இருந்துது" என்றார். சர்வர் ரூமுக்குள் கற்பூரப் புகை ஆகாது, யாரும் உள்ளே வரக் கூடாது என்று எழுதி ஒட்டியவள் நான்தான், கதவுக்கு வெளியே பொட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவளும் நான்தான். அது இவருக்கு இத்தனை வருஷம் ஒரு மாதிரி இருந்திருக்கிறது. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் லேபுக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். போனார், செருப்பைப் போடாமல் போனார், அது இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.

இவ்வளவுதான் விஷயம், ஒரு டிஸ்கைச் சொருகினார், பிடுங்கினார். ஆனால் உள்ளே இருந்தவன் அப்போது பூட்டத் தொடங்கியிருந்தானா இல்லையா, அதுதான் கேள்வி. அவன் எப்படி வந்தான் என்பது தெரியும், டிஸ்பாட்சில் இருக்கும் மேகலாவுக்குக் கப்பல் பில் என்று ஒரு மெயில் வந்தது, அவள் திறந்தாள், திறந்து சில வாரம் ஆகியிருக்கும், அன்றிலிருந்து அவன் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து யார் எப்போது வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்கள் ஊர் எப்போது மூடும் என்று அவனுக்கும் காலண்டர் தெரிந்திருக்கிறது. பூஜை அன்றைக்குத்தான் பூட்டத் தொடங்கியிருக்கிறான், அதுவரை கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் காலையிலா சாயந்தரமா என்று சொல்கிற பதிவும் அவன் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கிறது. சாயந்தரம் என்றால் பிழைத்தோம், இவர் சொருகியபோது லேப் கம்ப்யூட்டர் சுத்தமாக இருந்திருக்கும், ஒரு பொட்டோடு போயிற்று. காலை என்றால் மாட்டியது எதுவானாலும் அதையும் சேர்த்துப் பூட்டுவதுதான் அவன் வேலையே. ஒரு கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும்? வில்லையாக இருந்தால் சட்டென்று அணைந்துவிடும், கட்டிக் கற்பூரம் நின்று எரியும். இவர் எப்போதும் கட்டிதான் வாங்குவார், வில்லை புகைகிறது, சாமிக்குக் கண் எரியும் என்பார், கடைக்காரன் சிரிப்பான். கட்டியிலும் ஓரம் உடைந்த துண்டு இருக்கும். அன்றைக்கு எத்தனை மெஷினுக்குக் காட்டினார், கடைசியில் என் டிஸ்குக்கு வரும்போது தட்டில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும், ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா, காற்றில் அணைந்ததா, இதையெல்லாம் போய்க் கேட்கலாம், கேட்டால் சொல்வார், பொய் சொல்லத் தெரியாது. கேட்டு என்ன ஆகப்போகிறது. நான் அப்போது பேக்கிங் ஷெட்டில் பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒரு பொட்டலம் எடுத்து வை என்று யாரிடமோ சொல்லி அனுப்பினார், அதற்கு முன்னா பின்னா சொருகினார், திரும்பத் திரும்ப இதே இடத்துக்கு வந்து நிற்கிறேன். கோடு இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து எந்த நெட் ஒயரையும் பார்த்ததில்லை, ஆபத்துக்கு என்று சுத்தமாக ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். வேலையே செய்யாமல் இருக்கிறதே என்று பையன்கள் இதற்குக் கோயில் மாடு என்று பெயர் வைத்தார்கள். டிஸ்கைப் படிக்க மட்டும் செய், எழுதாதே என்று சொல்லித்தான் மாட்டியிருக்கிறேன். முதலில் விஷம் இருக்கிறதா என்று தேடும், தேடி முடித்துத்தான் உள்ளே பார்க்கவிடும். மாடு நிதானமாக அசைபோடுகிறது.

யாரையும் திட்டக் கூடாது. இது நான் போட்ட விதி. கூட்டம் போட்டுச் சொன்னேன், மெயிலை அழுத்திவிட்டால் உடனே வந்து என்னிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினால் அடுத்த தடவை மறைப்பீர்கள், மறைத்தால்தான் பட்டறை போகும் என்று. முதலாளியை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சொன்னேன், அவருக்கும்தான் அது. ஒரு தீபாவளிக்கு முன்னால் நானே ஒரு போலி மெயில் செய்து எல்லோருக்கும் அனுப்பினேன், யாருக்கு எந்த ஸ்வீட் பாக்ஸ் வேண்டும், இங்கே அழுத்தவும் என்று. முதலில் அழுத்தியது முதலாளி. அவர்தானே ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறவர், அவரே அழுத்தினார், மைசூர்பாக்கு என்று வேறு எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவருக்கு வந்த எல்லா மெயிலையும் எனக்கு அனுப்பி, இது நீ அனுப்பியதா அம்மிணி என்று கேட்டுக்கொண்டிருந்தார், கனடாவிலிருந்து அவர் மகன் அனுப்பிய பேரன் போட்டோ உட்பட. அரை நாள் எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, இப்போது திருடன் வந்துவிட்டான், என்ன செய்வீர்கள் செய்து காட்டுங்கள் என்று ஒத்திகை வைப்பேன். முதல் ஒத்திகையில் யாருக்கும் யாருடைய போன் நம்பரும் தெரியவில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது, அதற்கப்புறம்தான் போர்வெல் மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிவைத்தோம். நேற்று அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் போன் போயிற்று, போலீஸுக்கும் போயிற்று, சாயம் முக்குகிற மெஷின்களின் ஒயரைப் பையன்கள் யாரும் சொல்லாமலே பிடுங்கிவைத்தார்கள். இத்தனை பேர் கேட்டிருக்கிறார்களே, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டாலும் கேட்டிருக்கிறார்களே. மேகலா வந்து என் முன்னால் நின்று அழுதாள், நான்தாங்க்கா அந்த மெயிலத் தொறந்தேன் என்றாள், அவளைக் கட்டிக்கொண்டு, சொன்னாய் பார், அதுதான் வேணும் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு புரண்டது. இப்போது அதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவரைத் திட்டவில்லை, சரி. ஆனால் முதலாளியிடம் சொல்லவும் இல்லை. திட்டக் கூடாது என்பது ஒரு விதி, மறைக்கக் கூடாது என்பதும் அதே விதியின் பாதிதான், அந்தப் பாதியை மட்டும் எங்கே வைத்தேன்.

இவர் கை. சாயக்காரர் கை எப்படி இருக்குமோ அப்படி, நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் இருக்கும், திங்கட்கிழமை கருநீலம் என்றால் புதன்கிழமை குங்குமச் சிவப்பு. கல்யாணத்துக்கு முந்தின நாள் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அப்படியும் விரலிடுக்கில் ஒரு மயில் பச்சை போகவில்லை, தாலி கட்டுகிற போட்டோவில் அது அப்படியே தெரிகிறது, என் கழுத்துக்குப் பின்னால் ஒரு பச்சை விரல். என் அக்கா அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்றைக்கே அந்தக் கையைப் பிடித்துப்போயிற்று. வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே ஷேடு வேண்டும் என்பான், இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை, என் தோளில் போட்டு ஒரு தடவை பார்ப்பார். லைட் பாக்ஸ் என்று அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது, அதிலும் பார்ப்பார், ஆனால் முடிவு என் தோளில்தான். எத்தனை சாயம், எத்தனை உப்பு, எவ்வளவு சூடு என்று ஒவ்வொரு ஷேடுக்கும் ஒரு கணக்கு எழுதி லேப் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். அதன் கீழே குறிப்பு எழுதுவார், மழை நாளில் இன்னொரு பிடி உப்பு, கிணற்றுத் தண்ணீர் வந்தால் இறங்கிவிடும் ஜாக்கிரதை, கலா சித்திரையில் எடுத்த சேலைக்கு ஒரு மாற்றுக் குறைவு. வெளிநாட்டுக்காரனுக்கு அது ஏதோ ஒரு நம்பர். அந்தக் குறிப்புகளை நகல் எடுக்கும்போது நான் படித்துக்கொண்டே எடுப்பேன், வேலை நேரத்தில் என் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று மேகலா ஒருநாள் கேட்டாள், கண்ணில் தூசி என்றேன். டிஸ்க் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்த அன்றைக்கு முதலாளி அவருடைய ரூமில் இருக்கட்டும் என்றார், நான்தான் லேப் பீரோ என்றேன், வேறு கட்டடம், கம்பிக் கதவு, நல்ல பூட்டு என்று காரணமெல்லாம் சொன்னேன். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை, அது இவரிடம் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். ஊர் உலகத்தில் யாரையும் நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தேன், மெயில் முதலாளியிடமிருந்து வந்தாலும் போன் போட்டுக் கேள் என்றேன், போலீஸ் என்று சொன்னாலும் நம்பாதே என்றேன். இவரைப் பற்றி மட்டும் எனக்கு யோசனையே வரவில்லை. திருட்டுக்கு எதிராகத்தான் பூட்டு வாங்கினேன், பிரியத்துக்கு எதிராக ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

பட்டறை இப்படிச் சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை. எப்போதும் ஆவி சீறும், தண்ணீர் விழும், யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள். இப்போது ஒரு காக்காய் தகரக் கூரையில் நடப்பது கேட்கிறது. ஜனங்கள் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜன்னலில் எட்டிப் பார்த்தால் என்னைப் பார்ப்பார்கள், அதனால் எட்டிப் பார்க்கவில்லை. போன வருஷம் எங்கள் ரோட்டுக் கடைசியில் இருந்த ஒரு பனியன் கம்பெனிக்கு இதே மாதிரி வந்தது. நகல் இல்லை. பணத்தைக் கட்டினார்கள், பாதிதான் திறந்தது, மீதிக்கு மறுபடி கேட்டான், கடைசியில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அங்கே இருந்து வந்தவர்கள் சில பேர் இங்கே பேக்கிங்கில் இருக்கிறார்கள், அவர்கள்தான் நேற்று ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்கள், கேட்டவர்களைவிட அவர்களைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. முதலாளி வந்துவிட்டார். செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் எழுந்து நின்றேன், உட்கார் அம்மிணி என்று கையைக் காட்டினார், கையில் எனக்கு ஒரு டம்ளர் டீ. தெய்வசிகாமணி என்று பெயர், அந்தப் பெயருக்கு ஏற்ற உடம்பு, ஆனால் இரண்டு நாளில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆச்சா என்றார், ஓடிக்கொண்டிருக்கிறதுங்க என்றேன். குனிந்து டிஸ்கைப் பார்த்தார். இப்போது கேட்பார் என்று நினைத்தேன், கேட்டால் சொல்லிவிடலாம், கேட்கட்டும், கேளுங்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுக்கும் பூசை போட்டிருக்குதா. அப்பத் தொறந்துக்கும் அம்மிணி, வெசனப்படாத" என்றார். அந்த மனுஷனுக்கு ரெண்டு நாளில் முதல் தடவையாக ஒரு நிம்மதி வந்திருக்கிறது, அதுவும் எதைப் பார்த்து. டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். நான் டீயைக் குடித்தேன், சர்க்கரை அதிகம்.

திறந்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லையே. இந்த யோசனை எப்போது வந்தது என்று தெரியவில்லை, வந்து உட்கார்ந்துகொண்டது. டிஸ்க் நன்றாக இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம், சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், இவரிடம் இனிமேல் தொடாதீர்கள் என்று வீட்டில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம், புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். கெட்டுப்போயிருந்தால்? அப்போதும் திருடன் மேலேயே போட்டுவிடலாம், அவனுக்கென்ன ஒரு பழி கூடினால், முகமே இல்லாதவன். அப்படிச் செய்தால் இவர் ஒத்துக்கொள்ள மாட்டார், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வந்து, இல்லைங்க, நான்தான் சொருகினேன் என்று சொல்வார். அந்த மனுஷனைக் காப்பாற்றப் பொய் சொல்லக்கூட அந்த மனுஷனே விட மாட்டார். எனக்கு இவர்மேல் கோபம் வருகிறது, இப்போதுதான் வருகிறது, ஏன் சொருகினீர்கள் என்று இல்லை, வருஷா வருஷம் அந்தப் பொட்டைப் பார்த்து ஒரு மாதிரி இருந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன். புகை ஆகாது என்று மறுபடியும் பாடம்தான் எடுத்திருப்பேன். கோடு நின்றுவிட்டதா? இல்லை, ஓரத்துக்கு வந்துவிட்டது. கடைசித் துண்டு போகிறது. போய்விட்டது. விஷம் இல்லை என்று எழுதிக் காட்டுகிறது. விஷம் இல்லை என்றால் பூட்டவில்லை என்று அர்த்தம் இல்லை, அது எனக்குத் தெரியும், ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சம்பளத்தைத்தான் முதலில் திறந்தேன். திறந்தது. பெயர்கள், மேகலா பெயர், என் பெயர், வாட்ச்மேன் பெயர், எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. ஆர்டர் திறந்தது. கொள்முதல், பாங்கி, கரண்ட் பில், தண்ணீர் சுத்திகரிப்புக் கணக்கு, ஒவ்வொன்றாகத் தட்டத் தட்டத் திறந்தது, எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது, சிரித்தும்விட்டேன் என்று நினைக்கிறேன். நான் கீழேயிருந்து மேலே போய்க்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலின் தலையில், லேப். அதற்குள் இருந்த எல்லாப் பெயருக்கும் பின்னால் ஒரு வால் முளைத்திருந்தது, எழுத்தும் எண்ணும் கலந்த வால், நேற்றிலிருந்து எல்லாத் திரையிலும் பார்த்துக்கொண்டிருக்கிற அதே வால். ஒன்றைத் தட்டினேன். திறக்கவில்லை. இன்னொன்று. பூட்டிய நேரம் ஓரத்தில் இருக்கிறது, ஆயுத பூஜை அன்று முற்பகல், நாங்கள் பொரி பிரித்துக்கொண்டிருந்த நேரம். அவன் காலையிலேயே பூட்டத் தொடங்கியிருக்கிறான். மேலேயிருந்து ஆரம்பித்து, முதல் பெட்டியைப் பூட்டி முடித்து, இரண்டாவதைத் தொடுவதற்குள் கற்பூரம் அணைந்திருக்கிறது. லேப் ஏன் முதலில் இருந்தது? வரிசைப்படி பார்த்தால் அது எங்கோ நடுவில் வர வேண்டியது. நான்தான் அதன் பெயருக்கு முன்னால் ஓர் இங்கிலீஷ் ஏ எழுத்தைச் சேர்த்து மேலே ஏற்றிவைத்தேன், நகல் எடுக்கும்போது நடுவில் கரண்ட் போனாலும் இவருடையது முதலில் பத்திரமாகிவிட வேண்டும் என்று. யாருக்கும் சொல்லாமல் செய்தேன், இவருக்குக்கூடத் தெரியாது. இவர் என் சாமானுக்குக் குறை வரக் கூடாது என்று சொருகினார், நான் இவர் கணக்கு முதலில் இருக்கட்டும் என்று மேலே வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்திருக்கிறோம்.

லேபில் இவர் ஒரு பீக்கரில் துணியை முக்கிக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் இல்லாமல் கண்ணால் பார்த்து ஒரு ஷேடு பிடிக்க முடியுமா என்று பார்க்கிறாராம். என்னைப் பார்த்ததும் பீக்கரைக் கீழே வைத்தார்.

"தொறந்துதா?"

"தொறந்துதுங்க மாமா."

"சம்பளம்?"

"இருக்குதுங்க."

"ஆர்டரெல்லாம்?"

"எல்லாமே இருக்குதுங்க."

"பொறகேன் கண்ணு அழுவற?"

நான் இதைச் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். "உங்களுது மட்டும் போச்சுங்க" என்றேன். இவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, அது புரிவதை நான் முழுக்கப் பார்த்தேன், நெற்றியிலிருந்து மெல்ல இறங்கியது. பீக்கரைப் பார்த்தார், அலமாரியில் இருந்த சாய டப்பாக்களைப் பார்த்தார். ஏ எழுத்தைப் பற்றியும் சொன்னேன், அதை நான் மறைக்க முடியாது. கேட்டுவிட்டு, என்னை மொதல்ல வெச்சிருந்தியா என்று மட்டும் கேட்டார், ஏதோ நல்ல சேதி கேட்டமாதிரி. எனக்கு இந்த மனுஷனை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வா, மொதலாளிகிட்டச் சொல்லிப்போடலாம் என்றார். நான் சொல்லச் சொல்லவில்லை.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். சொருகியது, கற்பூரம், ஏ எழுத்து, காலையில் டீ கொடுக்க வந்தபோது நான் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, விதியை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, வாயைத் திறந்து இரண்டு தடவை மூடினார். பிறகு இவரைப் பார்த்து, "லேப் கணக்குக்கு மட்டும் அவங்கிட்டப் பேசிப் பாக்கலாமா சென்னியப்பா? உன்ற ஆயுசு அதுலதான இருக்குது. நான் கட்டறேன்" என்றார். கட்டக் கூடாது என்று இத்தனை நாள் மேடை போட்டுச் சொன்னவள் நான். அந்த நேரத்தில் என் வாயில் கட்டுங்கள் என்ற வார்த்தை வந்து நின்றது, அதை விழுங்கினேன், இவர் என்ன சொல்வார் என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சரி என்று சொன்னால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

"வேண்டாங்க மொதலாளி. ஒருக்காக் கட்டுனா மறுக்கா வருவான், அப்பறம் நம்மள விடவே மாட்டான். நான் மறுபடியும் போட்டுக்கறேன். சாயமெல்லாம் அங்கயேதான இருக்குது."

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். எங்கள் வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே வளையத்தில். வளையம் இறுக்கம், நகம் வழுக்கியது, நான் கொடுங்கள் என்று கை நீட்டியிருக்கலாம், நீட்டவில்லை, இவரே கழற்ற வேண்டும் என்று தோன்றியது. கழற்றி மேஜைமேல் வைத்தார். இது எங்கிட்ட இருக்க வேண்டாங்க என்றார், குரலில் ஒன்றும் இல்லை, டீ வேண்டாம் என்கிற மாதிரிதான் சொன்னார். என்னால் அந்தச் சாவியைப் பார்க்க முடியவில்லை. இந்த உலகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆளிடமிருந்து அது வந்துவிட்டது, வர வேண்டியதுதான், நானே கேட்டிருக்க வேண்டியது. முதலாளி அதை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார், பிறகு மேஜை டிராயரை இழுத்துப் போடப் போனார்.

"டிராயர்ல வேண்டாங்க" என்றேன்.

"பின்ன எங்க அம்மிணி வெக்கறது?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன், தெரியவில்லைங்க, ஆனால் டிராயரில் வேண்டாம், உங்களிடம் தனியாகவும் வேண்டாம், என்னிடம் தனியாகவும் வேண்டாம் என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் அந்த மேஜையிலேயே ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டு, ஒரு பேனா கொடுங்க என்று வாங்கி, முதல் ஷேடை எழுத ஆரம்பித்தார். உப்பு எவ்வளவு என்கிற இடத்தில் கை நின்றது. இவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் அதை நகல் எடுக்கும்போதெல்லாம் படித்திருக்கிறேன், எனக்கும் ஞாபகம் வரவில்லை, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.